வீட்டுத் தொட்டியில் லெதர் கோரல்: வளர்ப்பும் துண்டு போடுதலும்

மரச்சீனிக் கம்பை நறுக்கி ஊன்றினால் முளைப்பதுபோல, கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் மென்பவளமான லெதர் கோரலையும் துண்டு போட்டுப் பெருக்கலாம். வெட்டினால் சாகாது. துண்டுகள் பெரும்பாலும் சாவது இரண்டு காரணங்களால்: வெட்டுக்குப் பின் ஊறும் வழும்பு, பிடிமானம் கிடைக்காமல் தொட்டிக்குள் உருண்டு திரிவது.

தொடங்க ஏற்றது சார்கோஃபைட்டான். தடித்த தண்டு, மேலே காளான் குடை. விரல் விரலாகக் கிளைக்கும் சினுலேரியாவும் எளிது. தாய்க் கோரலை இன்னொருவர் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டாகவே வாங்குங்கள். கடலிலிருந்து எதையும் பெயர்க்க வேண்டாம். கல் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறியும் கருப்புப் பவளமும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. 'லைவ் ராக்' என்று விற்கும் கல்லும் பல நேரம் பவளப்பாறைத் துண்டுதான். செராமிக் கல் போதும்.

குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் பார்க்க அழகு, ஆனால் தொட்டிக்கு ஆகாது. அதில் சுண்ணாம்புச் சத்து இல்லை. தோரியம் கொண்ட மோனசைட்டும் கலந்திருக்கிறது.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி ஏறக்குறைய 190 லிட்டர் பிடிக்கும். இதற்குக் குறைந்தால் உப்பும் வெப்பமும் சட்டென்று மாறும். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் பாக்கெட் உப்பே நல்லது. கரையோர நீரில் துறைமுகத்து டீசல் இருக்கும், ஆற்று முகத்தில் உப்பு குறையும், ஆனி ஆடியில் கலங்கல். ஆர்.ஓ. நீரில் லிட்டருக்குச் சுமார் 37 கிராம் உப்பைக் கரைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு) வருகிறதா பாருங்கள். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ.வில் சுவைக்காகத் தாது சேர்க்கும் பகுதி இருக்கும். அதற்கு முன்னாலேயே நீரைப் பிடிக்க வேண்டும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.ஹெச்., கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1300ஐ ஒட்டி, நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). நைட்ரேட் பூஜ்ஜியமான பளிங்கு நீரில் லெதர் கோரல் சுருங்கிப்போகும்.

நம்மூரில் பெரிய தலைவலி வெப்பம். 25 முதல் 27 டிகிரியில் நிற்க வேண்டிய நீர் சித்திரையில் 31ஐத் தொடும். நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறி வைத்தால் 2, 3 டிகிரி குறையும். காற்றில் ஈரம் கூடிய நாளில் அதுவும் குறையாது, நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவிதான் வழி. விசிறி ஓடினால் நாளுக்கு 3, 4 லிட்டர்கூட ஆவியாகும். உப்பு ஆவியாவதில்லை, எனவே குறைந்ததை உப்பில்லாத ஆர்.ஓ. நீரால் தினமும் நிரப்புங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஒளி நடுத்தரம் போதும், 75 முதல் 150 பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு). நீரோட்டம் திசை மாறி மாறி வர வேண்டும். சார்கோஃபைட்டான் அவ்வப்போது மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசியதுபோல் பளபளக்கும். அழுகல் என்று பயந்து தூக்கிப் போட்டவர்கள் உண்டு. அது தோலுரிப்பு, ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம் நீளும். ஓட்டம் பட்டால் படலம் கழன்றுவிடும்.

குடை 10 செ.மீ. அகலமாகி, பல வாரம் நன்றாக விரிந்து நிற்கும் கோரலை மட்டும் வெட்டுங்கள். தோலுரிக்கும்போது கை வைக்காதீர்கள். நைட்ரில் கையுறை, கண்ணாடி கட்டாயம். வழும்பு தோலையும் கண்ணையும் எரிக்கும். தொட்டி நீர் நிரப்பிய மூன்று பாத்திரங்கள் எடுங்கள்: வெட்ட, அலச, ஐயோடினில் முக்க. கத்தரிக்கோல் திசுவை நசுக்கும். புது சர்ஜிக்கல் பிளேடால் தண்டில் 3 செ.மீ. விட்டு, குடையை ஒரே இழுப்பில் அறுத்தெடுத்து, 2 முதல் 3 செ.மீ. துண்டுகளாக்குங்கள். வழும்பு நீங்க அலசி, ஐயோடின் நீரில் பத்து நிமிடம். காயத்துக்குப் போடும் பொவிடோன் ஐயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளம் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறம் வந்ததும் நிறுத்துங்கள். சோப்பு கலந்த 'ஸ்க்ரப்' வகை வாங்கிவிடாதீர்கள். துண்டுகளை முக்கியெடுத்த நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

சூப்பர் க்ளூ இங்கே தோற்கும்: பசை வழும்பில் ஒட்டும், வழும்பு கழலும்போது துண்டும் கழலும். சிப்பி ஓட்டை வேகவைத்து, சுரண்டி, வெயிலில் காயவைத்து, விரல்நகம் அளவு உடைத்து ஒரு டப்பாவில் பரப்புங்கள். துண்டுகளை வெட்டுவாய் கீழே இருக்கும்படி வைத்து, கொசுவலையால் மூடி, ஓட்டம் மெதுவான மூலையில் வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் ஓட்டோடு பிடித்துக்கொள்ளும். அதன்பின் அந்தச் சிப்பி ஓட்டை, கல்லின்மேல் பசை போட்டு ஒட்டலாம். பசைக்கு ஓடு நன்றாகவே ஒட்டும். தண்டுள்ள துண்டானால் ஊசியில் தங்கூசி (நைலான் தூண்டில் நரம்பு) கோத்து நடுவே குத்தி, கல்லோடு தளரக் கட்டுங்கள். இறுக்கினால் நரம்பு துண்டை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

வெட்டுபட்ட லெதர் கோரல் நீரில் டெர்பீன் வகை நச்சை விடும். அதனால் வெட்டிய அன்றே 100 லிட்டருக்கு 50 கிராம் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, மறுநாள் 15 சதவீத நீரை மாற்றுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று கோரல்களை வெட்டாதீர்கள். மற்ற கோரல்களுக்கு ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

துண்டில் பழுப்புப் புள்ளி தோன்றி இளகினால் அரை செ.மீ. நல்ல திசுவோடு சேர்த்து வெட்டியெறிந்து, மறுபடி ஐயோடினில் முக்குங்கள். அழுகல் நாற்றம் வந்துவிட்ட துண்டை உடனே வெளியே எடுங்கள். அதைக் காப்பாற்ற நினைத்தால் டப்பா முழுதும் போகும். க்ளவுன் மீன் துண்டில் உரசிக்கொண்டே இருந்தால் டப்பாவுக்குத் தடுப்பு வையுங்கள்.

மூன்று நான்கு வாரத்தில் துண்டின்மேல் குட்டிப் பாலிப்கள் (பவளத்தின் பூப்போன்ற சிற்றுயிர்கள்) எட்டிப் பார்க்கும். மொட்டையாக நின்ற தாய்த் தண்டின் விளிம்பும் அதற்குள் மடிந்து புதுக் குடைக்கு வடிவம் பிடிக்கத் தொடங்கும். அந்தக் குடை பழைய அளவுக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அதன்மேல் பிளேடு படக் கூடாது.