பச்சை அப்போஃபிலைட்டு: இனங்காண்பதும் பேணுவதும்

மகாராஷ்டிரத்திலிருந்து விற்பனைக்கு வரும் கனிமங்களுள், இளம்பச்சை நிறத்தில் நீர்போலத் தெளிந்து, செதுக்கியெடுத்தாற்போல் நாற்பட்டையாக நிற்கும் அப்போஃபிலைட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. அதை வாங்க எண்ணுபவர், முதலில் அது எங்கே விளைகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. கல்லைச் சோதிப்பதற்கான குறிப்புகள் பெரும்பாலும் அதிலேயே அடங்கியிருக்கின்றன.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் அடுக்கடுக்காகப் பரவிய எரிமலைக் குழம்பு இறுகி, பசால்ட் எனும் கரும்பாறையாயிற்று. குழம்பிலிருந்து வெளியேற முடியாத வாயுக் குமிழிகள் பாறைக்குள் பொந்துகளாகத் தங்கின. பின்னர் அப்பாறையினூடே ஊறிய வெந்நீர், அதிலிருந்த சிலிக்கா, கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றைக் கரைத்துக் கொண்டுவந்து பொந்துகளின் சுவரில் படியவைத்தது. சாலைக்கு ஜல்லி உடைக்கும் குவாரிகளிலும், கிணறு வெட்டும் இடங்களிலும் இப்பொந்துகள் திறந்துகொள்கின்றன. புனேயை ஒட்டிய பாஷாண் பகுதி பச்சை அப்போஃபிலைட்டுக்குப் புகழ்பெற்றது. (வடமொழியில் பாஷாணம் என்றால் கல்; நம் வழக்கில் அச்சொல் நஞ்சையே குறிக்கிறது.)

ஆகவே, வாங்கும்போது படிகத்தின் அடிப்புறத்தை முதலில் பாருங்கள். அங்கே கரும்பாறையின் துண்டோ, வாழைத்தார்போல் கொத்தாக நிற்கும் வெளிர் ஆரஞ்சு நிற ஸ்டில்பைட்டு எனும் கனிமமோ இருக்கலாம். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால், படிகமும் அதன் அடியில் உள்ளதும் சேருமிடத்தை ஆராயுங்கள். குமிழியோடு பளபளக்கும் பசை தெரிந்தால், தனித்தனிக் கற்களை ஒட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அடுத்து, நிறம் கல் முழுவதும் ஊடுருவியிருக்கிறதா என்று நோக்குங்கள். இயற்கைப் பச்சை, சிறிதளவு கலந்துள்ள வனேடியம் எனும் உலோகத்தால் வருவது. சாயமோ விரிசல்களில் கோடுகோடாகத் தேங்கிநிற்கும். புனே அருகே வாகோலியில் கிடைக்கும் கவன்சைட் எனும் கனிமத்தின் அடர்நீலத்துக்கும் வனேடியமே காரணம்.

முகங்களின் ஒளிர்வு இன்னும் உறுதியான சான்று. அப்போஃபிலைட்டின் பக்கமுகங்கள் கண்ணாடிபோல் மின்னும். அவற்றில் நெடுக்குவாட்டில் மெல்லிய வரிகள் ஓடும். உச்சி தட்டையாக இருந்தால், அந்த முகம் மட்டும் முத்துப்போல் மங்கலாக ஒளிரும். ஒரே கல்லில் இவ்விரு ஒளிர்வையும் காட்டுவது சாயமேற்றிய குவார்ட்ஸ் எனும் படிகக்கல்லுக்கு இயலாது. அப்போஃபிலைட்டின் கடினத்தன்மை, பத்து வரை செல்லும் மோஸ் அளவில் 4.5 முதல் 5 வரைதான், குவார்ட்ஸுக்கு 7. ஆயினும் நல்ல படிகத்தைக் கீறிப் பார்ப்பது அறிவீனம்.

இதை மோதிரத்தில் பதிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. இது மென்மையானது என்பதோடு, நீளவாக்குக்குக் குறுக்காக ஒரு தட்டிலேயே ஏடுபோல் பிளந்துவிடக்கூடியது. சூடேற்றினால் தன்னுள் இருக்கும் நீரை இழந்து உதிரும்; இலைபோல் உரிவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது.

தூய்மை செய்ய, அறை வெப்பத்திலுள்ள நீரும் சில துளி மென்சோப்பும் மெல்லிய தூரிகையும் போதும். மேலே படிந்த கால்சைட் எனும் கனிமத்தை நீக்குவதற்காக அமிலத்தில் இடாதீர்கள். அமிலம் அப்போஃபிலைட்டையும் ஸ்டில்பைட்டையும் சேர்த்தே அரித்துவிடும். மீயொலி அதிர்வால் தூய்மை செய்யும் தொட்டியும் கூடாது. அதே கல்லில் பஞ்சுருண்டைபோல் ஒகெனைட் எனும் கனிமம் இருந்தால், நீரோ விரலோ அதன்மேல் படவே கூடாது. ஒருமுறை அமுங்கிய அதன் மெல்லிய இழைகள் மீண்டும் நிமிர்வதில்லை. தூசியைக் காற்றூதியால் போக்கலாம். இடம் மாற்றும்போது படிகத்தைப் பற்றாமல், அடியிலுள்ள பாறையைப் பிடித்துத் தூக்குங்கள்.

வாங்குமுன் நல்ல மாதிரிகளைக் கண்டு கண்ணைப் பழக்கிக்கொள்ள விரும்புவோர், நாசிக் அருகே சின்னரில் உள்ள கார்கோட்டி கனிம அருங்காட்சியகத்துக்குச் சென்று வரலாம்.