ஊருக்குப் போகும்போது பல்லையும் காட்டிவிட்டு வரலாம் என்பவர்களுக்கு

வெளிநாட்டில் பல் வைத்தியச் செலவு கையைக் கடிக்கும். அதனால் சென்னைக்கோ திருச்சிக்கோ விடுமுறையில் வரும்போது ரூட் கெனால், கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு திரும்புவது நம்மவர்களிடம் வழக்கமாகிவிட்டது. அதில் தவறொன்றும் இல்லை. நல்ல கைராசிக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் கிளினிக்கைத் தேர்ந்தெடுக்கும்போது வரவேற்பறைச் சோபாவையும் சுவரில் தொங்கும் நடிகையின் புன்னகையையும் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியது கருவித் தட்டை.

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் நடந்ததை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023-இல் அங்கே ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற எட்டுப் பேர், மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் தொற்றால் இறந்தார்கள். மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது அது. வாயைக் கழுவும் சலைன் (உப்புநீர்) பாட்டிலைச் சுத்திகரிக்காத கருவியால் திறந்து, பஞ்சால் ஒப்புக்கு மூடி வைத்து, மறுபடி மறுபடி பயன்படுத்தியதுதான் காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. பெரிய இயந்திரம் எதுவும் பழுதாகவில்லை. ஒரு பாட்டில், அவ்வளவுதான்.

ஆகவே பல் பிடுங்கவோ ஈறை அறுக்கவோ உட்காரும்போது, சலைன் புதிதாக உடைக்கப்படுகிறதா என்று பாருங்கள். கருவிகள் ஒட்டிய உறைக்குள் இருந்து உங்கள் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம் நீராவியில் வெந்தால்தான் கிருமி சாகும். உறையின் மேலுள்ள குறி நிறம் மாறியிருந்தால் அது சூட்டைப் பார்த்திருக்கிறது என்று மட்டுமே பொருள். கிருமி செத்ததா என்று அறிய, எளிதில் சாகாத கிருமி வித்துகளை உள்ளே வைத்துப் பார்க்கும் வித்துச் சோதனை (spore test) என்று ஒன்று உண்டு. எப்போது செய்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் வாயைத் திறக்காமல் எழுந்து வருவது நல்லது. பல்லைக் குடையும் டிரில்லின் கைப்பிடியையும் வேகவைக்க வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. கையுறையோடு போனை எடுத்துப் பேசிவிட்டு, அதே கையோடு உங்கள் நாக்கை ஒதுக்குபவரை என்ன செய்வது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்கும்; அது தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவுதானா என்று சரிபாருங்கள். யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு.

இனி நாள் கணக்கு. சொத்தை அடைப்பது, ரூட் கெனால், கேப் எல்லாம் இரண்டு மூன்று வாரத்துக்குள் அடங்கும். ஆனால் வந்து இறங்கியதும் தொடங்குங்கள், கல்யாணம் காட்சியெல்லாம் முடிந்து கடைசி வாரத்தில் அல்ல. கேப் உயரமாக இருந்தால் தேய்த்துச் சரிசெய்ய நாள் வேண்டும். தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தும் இம்பிளான்ட் வேறு கதை. திருகு எலும்போடு சேர்ந்து பிடிக்கப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். ஒரே பயணத்தில் பல்லோடு அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. சில நோயாளிகளுக்கு அப்படிச் செய்யவும் முடியும், எல்லோருக்கும் அல்ல. உங்கள் எலும்பு அதற்குத் தாங்குமா என்று ஸ்கேனைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதல் வேலையாகச் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இதய வால்வு மாற்றியவர்களுக்குப் பல் பிடுங்குமுன் ஆன்டிபயாடிக் தேவைப்படும். எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி போட்டுக்கொள்ளும் அம்மாக்கள் அதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அந்த ஊசியால், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

புறப்படுமுன் எக்ஸ்-ரே பிரதிகளையும் பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். இம்பிளான்ட் போட்டிருந்தால் பிராண்ட், அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) அச்சிட்ட ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு கம்பெனித் திருகுக்கும் திருப்புளி வேறு. ஸ்டிக்கர் இல்லாமல் டொரண்டோவில் திருகு தளர்ந்தால், அங்கேயுள்ள மருத்துவர் எக்ஸ்-ரேயை வைத்துக்கொண்டு ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.