பட்டன் செல்லில் ஒரு வருஷம் ஓடும் மாட்டுத் தெர்மாமீட்டர்

எங்கள் செவலைப் பசு கன்று போட்ட நாலாம் நாள் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காமல் நின்றது. அதன் வாலடியில் நான் செய்த வெப்பப் பதிவுக் கருவி ஒன்றைக் கட்டியிருந்தேன். "ஏங்கண்ணு, உம்பொட்டி முன்னாடியே சொல்லிப்போடும்னியே, என்ன சொல்லுது?" என்று அம்மா கேட்டார். பொட்டி ஒன்றும் சொல்லவில்லை. கட்டிய இரண்டாம் நாளே பேட்டரி செத்திருந்தது. டாக்டர் வந்து பார்த்தபோது 104 ஃபாரன்ஹீட். மடிநோய். ஊசி போட்டுப் பசு பிழைத்துக்கொண்டது. என் மானம்தான் போனது.

பாலிடெக்னிக்கில் பிள்ளைகளுக்கு ஏடிசி, அதாவது மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் சுற்று பற்றிப் பாடம் எடுக்கிறவன் நான். அந்த வெட்கத்தில் திரும்ப உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சிறு மாற்றங்களோடு, மெதுவாக மாறும் எந்த உடல் அளவுக்கும் இது பொருந்தும்.

முதலில் கையிருப்பைப் பாருங்கள். சிஆர்2032 பட்டன் செல்லில் இருப்பது சுமார் 220 மில்லிஆம்ப்-மணி. என் முதல் கருவி ஆர்டுயினோ ப்ரோ மினி என்ற சின்னக் கணினிப் பலகை, 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ். ஒரு அளவு எடுத்துவிட்டு, அடுத்த நிமிஷம் வரை 'டிலே' என்ற காத்திருப்புக் கட்டளை போட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. சும்மா சுற்றினாலும் நாலைந்து மில்லிஆம்ப் குடிக்கும். 220-ஐ 4.5-ஆல் வகுத்தால் 49 மணி நேரம். கருவியின் நோயைக் கண்டுபிடிக்க இந்த ஒரு வகுத்தல் போதும். நான் அதை மாட்டில் கருவியைக் கட்டிய பிறகுதான் போட்டேன்.

பலகையிலிருந்து தொடங்குங்கள். பவர் எல்இடியை நோண்டி எடுங்கள். மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டு, செல்லை நேரே சில்லுக்கு மின்சாரம் போகும் விசிசி பின்னில் கொடுங்கள். சும்மா இருக்கும்போதே பத்துக்கணக்கில் மைக்ரோஆம்ப் தின்கிற ரெகுலேட்டருக்கு 3 வோல்ட் செல்லில் வேலையே இல்லை. அப்புறம் பலகையின் மூளையான ஏடிமெகா328பி சில்லை முழுத் தூக்கத்தில் போட்டு, தூக்கத்திலும் ஓடும் வாட்ச்டாக் டைமரை 8 நொடிக்கு ஒருமுறை எழுப்பச் சொல்லுங்கள். அதற்கு மேல் அந்த டைமரால் எண்ண முடியாது. எட்டாவது முறை எழும்போது மட்டும் அளந்தால் 64 நொடிக்கு ஓர் அளவு. மாட்டின் உடல் வெப்பத்துக்கு அதுவே அதிகம். தூங்கும் முன் மின்னழுத்தம் இறங்கினால் சில்லை ரீசெட் செய்யும் பிரவுன்-அவுட் காவலையும் மென்பொருளில் அணைத்துவிடுங்கள். அது தனியாக 20 மைக்ரோஆம்ப் குடிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் தூக்கத்தில் ஓடுவது சுமார் 5 மைக்ரோஆம்ப்.

ஏடிசியைத் தனியாக அணைக்க வேண்டும், அதுவாக அணையாது. இதில் ஒரு வரிசை உண்டு: முதலில் ஏடிசியின் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரான ஏடிசிஎஸ்ஆர்ஏ-வில் 0 எழுதுங்கள், அதற்குப் பிறகுதான் மின்சிக்கன ரெஜிஸ்டரான பிஆர்ஆர் வழியாக அதன் மின்சாரத்தை நிறுத்துங்கள். மாற்றிச் செய்தால் ஏடிசி உள்ளே விழித்தபடியே மாட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் போனது.

அடுத்தது தெர்மிஸ்டர், சூடு ஏற ஏற எதிர்ப்பு குறையும் ரெசிஸ்டர். 10 கிலோஓம், பீட்டா 3950 என்று கடையில் சல்லிசாகக் கிடைப்பதுதான். அதோடு 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, மேல்முனையை எல்லோரும் விசிசியில் கட்டுவார்கள். கட்டாதீர்கள். 38.5 டிகிரி செல்சியஸில் தெர்மிஸ்டர் 5.6 கிலோஓம் ஆகிவிடும், மொத்தம் 15.6 கிலோஓம் வழியாக 190 மைக்ரோஆம்ப் ராத்திரி பகலாக ஒழுகும். வேறு எதுவுமே ஓடாவிட்டாலும் 48 நாளில் செல் காலி. மேல்முனையை ஒரு டிஜிட்டல் பின்னில் கட்டி, அளக்கும் அந்த ஓரிரு மில்லிநொடி மட்டும் உயர்த்தி, முடிந்ததும் தாழ்த்திவிடுங்கள்.

சரி, 100 கிலோஓம் தெர்மிஸ்டர் போட்டால் மின்னோட்டம் இன்னும் குறையுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்த ஏடிசிக்கு முன்னால் இருக்கும் எதிர்ப்பு 10 கிலோஓமுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் அளக்கும் மின்னழுத்தத்தை உள்ளே பிடித்துவைக்கும் 14 பிகோஃபாரட் கெபாசிட்டர் நேரத்தில் நிரம்பாது. அதைச் சமாளிக்கப் பின்னில் 100 நானோஃபாரட் வைத்தால், அது நிரம்ப 20, 25 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அத்தனை நேரமும் சில்லு 4 மில்லிஆம்ப் குடித்துக்கொண்டு விழித்திருக்கும். ஆக, தெர்மிஸ்டரில் மிச்சம் பிடித்ததைப் போல நூறு மடங்கு வேறு இடத்தில் கொட்டுவோம். விட்டுவிட்டு ஓட்டும்போது 10 கிலோஓம்தான் சிக்கனம்.

ஏடிசி ஒப்பிட்டு அளக்கும் ரெஃபரன்ஸாக விசிசியையே வையுங்கள். தெர்மிஸ்டருக்குப் போவதும் அதே மின்னழுத்தம்தான் என்பதால், செல் 3 வோல்ட்டிலிருந்து 2.7-க்கு இறங்கினாலும் விகிதம் மாறாது.

இந்த அமைப்பில் ஒரு டிகிரி செல்சியஸுக்குக் ஏடிசியின் எண் கிட்டத்தட்ட 9.6 எண்ணிக்கை மாறும். அதாவது ஓர் எண்ணிக்கை 0.1 டிகிரி. இன்னும் நுணுக்கம் வேண்டுமானால் 16 அளவு எடுத்துக் கூட்டி, இரண்டு பிட் கூடுதலாகப் பெறலாம். அதற்கு அளவில் ஓரளவு மின் இரைச்சல், அதாவது சிறு ஆட்டம், இருந்தாக வேண்டும். பதினாறும் ஒரே எண்ணாக வந்தால் சராசரியும் அதே எண்தான். என் தொழுவத்தில் அந்தக் கவலை இல்லை, பக்கத்திலேயே தண்ணி மோட்டார்.

இப்போது பதினாறு அளவுக்கும் ஆகும் செலவைக் கணக்குப் போடுவோம். ஏடிசியின் 125 கிலோஹெர்ட்ஸ் கடிகாரத்தில் முதல் அளவுக்கு 25 துடிப்பு, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 13. மொத்தம் 220 துடிப்பு, 1.76 மில்லிநொடி. 4 மில்லிஆம்பில் 7 மைக்ரோகூலோம் மின்னூட்டம். 64 நொடிக்குப் பரப்பினால் 0.11 மைக்ரோஆம்ப். தூக்கத்தில் ஓடும் 5 மைக்ரோஆம்புக்கு முன் இது ஐம்பதில் ஒரு பங்கு! ஏடிசிதான் பேட்டரியைத் தின்கிறது என்று இத்தனை நாள் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். தின்றதெல்லாம் காத்திருப்பு.

எல்லா உடல் சிக்னலுக்கும் இப்படி இல்லை. இசிஜி என்றால் நொடிக்குச் சில நூறு அளவு, ஓய்வே கிடையாது. அங்கே ஒவ்வொரு அளவின் செலவும் உறைக்கும். சாதாரண ஏடிசி, தராசில் ஒவ்வொரு முறையும் பெரிய கல்லிலிருந்து தொடங்கி நிறுக்கிற கடைக்காரர் மாதிரி: 10 பிட் என்றால் பத்துக் கல்லையும் ஏற்றி இறக்கிப் பார்ப்பார். தினம் வந்து கிட்டத்தட்ட அரைக்கிலோவே வாங்குகிறவருக்கு நேற்றைய கல்லைத் தட்டிலேயே விட்டுவைத்து, சின்னக் கல்லை மட்டும் மாற்றினால் போதாதா? எம்ஐடியில் ஃபிராங்க் யாலும், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசனும் 2014-இல் வெளியிட்ட 10 பிட் ஏடிசி இப்படித்தான் வேலை செய்கிறது. முந்தின அளவை யூகமாக வைத்து, கடைசி பிட்டிலிருந்து தொடங்கும். சிக்னல் அசையாதபோது இரண்டே ஒப்பீட்டில் முடிந்துவிடும். திடீரென்று தாவினால் 21 வரை போகும், சாதாரண முறையைவிட மோசம். இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவே பெரும்பாலும் படுத்தே கிடக்கும் இசிஜிக்கு அது லாபம்தான்.

கையில் இருக்கும் ஏடிமெகாவின் உள்ளே போய் இதை மாற்ற முடியாது. ஆனால் அதே புத்தியை ஒரு படி மேலே, அளவை அனுப்பும் ரேடியோவில் வைக்கலாம். நான் வைத்திருக்கும் என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ அனுப்பும்போது 11 மில்லிஆம்ப் இழுக்கும், நிமிஷத்துக்கு ஒருமுறை அதை எழுப்புவது வீண். கடைசியாக அனுப்பிய எண்ணிலிருந்து 0.2 டிகிரி நகர்ந்தால் மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மாற்றமே இல்லாவிட்டாலும் மணிக்கு ஒருமுறை 'இருக்கேன்' என்று ஒரு செய்தி வரும். செவலை விஷயத்தில் இல்லாமல் போனது அதுதான். ரேடியோ இழுக்கும் நேரத்தில் செல் தடுமாறாமலிருக்க 100 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்று வையுங்கள். எலெக்ட்ரோலிடிக் வேண்டாம், அதன் கசிவே சில மைக்ரோஆம்ப் ஆகலாம்.

தோலில் எடுக்கும் அளவு, டாக்டர் உள்ளே வைத்து எடுப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்; வெயிலுக்கும் மழைக்கும் ஆடும். அதனால் மாட்டின் இயல்பான 101.5 ஃபாரன்ஹீட் என்ற எண்ணோடு ஒப்பிடாதீர்கள். பக்கத்து மாட்டில் இன்னொன்றைக் கட்டி, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

கட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை மைக்ரோஆம்ப் அளவில் செல்லோடு தொடராக வைத்து ஒருமுறை பாருங்கள். நேரே வைத்தால் சில்லு விழிக்கும்போது மீட்டருக்குள்ளேயே வோல்ட் விழுந்து ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். மீட்டரின் இரு முனையையும் ஒரு கம்பியால் இணைத்துவைத்து, சில்லு தூங்கியதும் கம்பியை எடுங்கள். 5 பக்கம் காட்டினால் சரி. 25 என்றால் பிரவுன்-அவுட் அணையவில்லை. 190, 200 என்றால் தெர்மிஸ்டர் பின் உயர்ந்தே நிற்கிறது, இல்லையென்றால் ஏடிசி தூங்கவில்லை. மில்லிஆம்பில் காட்டினால் எல்இடியை நோண்ட மறந்திருப்பீர்கள்.