குதிகால் வலி: எக்ஸ்ரேயில் சிக்காதது ஸ்கேனில் சிக்கியது

காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் வலது குதிகாலில் ஆணி குத்துகிற மாதிரி வலி, கொஞ்சம் நடந்தால் குறையும், உட்கார்ந்து எழுந்தால் மறுபடி. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தது, சரி, ஆனால் வலியே இல்லாத இடது காலிலும் அதே முள்! ஹீல் பேட், வலி மாத்திரை எதற்கும் மசியவில்லை.

அப்புறம்தான் அல்ட்ராசவுண்ட். குப்புறப் படுக்கவைத்து, விரல்களை மேலே மடக்கிப் பிடித்து, இரண்டு குதிகாலையும் அளந்தார்கள். பாதத்தடி நாரான பிளான்டர் ஃபேஷியா இடதில் 3.1 மி.மீ., வலதில் 5.6. பொதுவாக 4-ஐத் தாண்டினாலே தடிப்பு என்று கணக்கு. எலும்பில் ஒட்டும் இடம் ஸ்கேன் படத்தில் கறுத்துத் தடித்திருந்தது, கிழிசல் இல்லை. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். படுக்கையை விட்டு இறங்குமுன் விரல்களைக் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பத்து எண்ணும் பயிற்சிக்குத்தான் வலி கேட்டது, அதுவும் மெதுவாக.