ஆயில் குடிக்கும் ஹாட் ஹேட்ச்: பழைய வண்டி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விற்பவர் பானட்டைத் தூக்கி, டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துக் காட்டுகிறார். ஆயில் மேல் கோட்டைத் தொட்டுக்கொண்டு தேன் நிறத்தில் பளபளக்கிறது. "சொட்டுகூடக் குறையாதுங்க" என்கிறார். வாங்க வந்தவருக்கு மனசு நிறைந்துவிடுகிறது. ஆனால் அந்தக் கோட்டுக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: இன்றைக்கு இந்த எஞ்சினில் ஆயில் இருக்கிறது. போன மாதம் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், நேற்று ராத்திரி எவ்வளவு ஊற்றினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

பெயர்பெற்ற பல ஹாட் ஹேட்ச்கள் (வேகத்துக்காகக் கூடுதல் பவர் ஏற்றிய சின்ன ஹேட்ச்பேக் கார்கள்) ஆயில் குடிப்பதற்கும் பெயர்பெற்றவை. 1.4 லிட்டர் எஞ்சினில் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜரையும் டர்போவையும் சேர்த்துப் பொருத்தி 180 குதிரைத்திறன் எடுத்த ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ, ஸ்கோடா ஃபேபியா ஆர்எஸ், சீட் இபிஸா குப்ரா, 2.0 லிட்டர் டர்போவுடன் வந்த ஆறாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ, 1.6 டர்போ என்14 எஞ்சின் கொண்ட மினி கூப்பர் எஸ். எல்லாமே ஓட்டுவதற்கு அருமையான வண்டிகள். அந்த 1.4 எஞ்சின் 2009இல் ஆண்டின் சர்வதேச எஞ்சின் விருதையே வாங்கியது. இவற்றை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயில் குடிப்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. அது அளந்தால் மட்டுமே தெரிகிற நோய். நான் பார்த்தவரை, வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் அளக்காமல் முடிவெடுப்பதிலிருந்தே வருகின்றன.

ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குடிக்கிற எஞ்சின் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களின் கையேட்டிலேயே இந்த அளவு வரை இயல்பு என்று போட்டிருக்கும். நீங்கள் 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறீர்கள். அதற்குள் எரிந்த ஆயில் 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன். டிப்ஸ்டிக்கின் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே பெரும்பாலான எஞ்சின்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும். அதில் இரண்டு டீஸ்பூன் குறைந்ததை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

இதே கணக்கை மறுபக்கம் போட்டுப் பாருங்கள். 10,000 கிலோமீட்டருக்கு 5 லிட்டர். சின்ன டர்போ எஞ்சினில் மொத்தமாகப் பிடிக்கிற ஆயிலே 4 லிட்டர் அளவுதான். அப்படியென்றால் இரண்டு சர்வீஸுக்கு நடுவே எஞ்சின் தன்னிடம் உள்ள ஆயில் முழுவதையும் ஒருமுறை குடித்துவிட்டு, மேலும் கேட்கிறது. விற்பவர் "நடுவில் டாப்-அப்பே செய்ததில்லை" என்று சொன்னால் இரண்டில் ஒன்றுதான் உண்மை. வண்டி நிஜமாகவே குடிக்காத வண்டியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயில் வற்றிய நிலையில் பல மாதம் ஓடியிருக்க வேண்டும். இரண்டாவது, ஆயில் குடிப்பதைவிட மோசம்.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "ஆயில் குடிக்குமா?" என்பதல்ல; அதற்கு யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள். "கடைசியா எப்போ டாப்-அப் பண்ணீங்க, எவ்வளவு ஊத்துனீங்க, அப்போ மீட்டர் எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள். குறித்து வைத்திருக்கிற ஓனர் உடனே சொல்வார். 2500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போகிறது என்று நோட்டைக் காட்டுகிறவரிடம் நான் வண்டி வாங்குவேன். சொட்டுகூடக் குறையாது என்று வாயால் மட்டும் சொல்கிறவரிடம் வாங்கத் தயங்குவேன்.

ஒருமுறை நண்பருக்காக ஒரு சின்ன டர்போ ஹேட்ச்பேக்கைப் பார்க்கப் போயிருந்தேன். கழுவித் துடைத்து, டயருக்கெல்லாம் மினுக்கு போட்டு நிறுத்தியிருந்தார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை. கிளம்பும்போது ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்க்க டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினேன். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் ஆயில் கேன், கால்வாசி மிச்சத்தோடு. அதன் கழுத்தில் பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்று புனலாகச் செருகியிருந்தது. அந்தப் புனலின் உள்பக்கம் முழுக்கப் பழுப்புக் கறை. ஒருநாள் இருநாளில் படிகிற கறை அல்ல அது. ஓனரைக் கேட்டதற்கு "அவசரத்துக்கு வெச்சிருக்கேன்" என்றார். நாங்கள் வாங்கவில்லை. அதிலிருந்து எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதலில் டிக்கியைத்தான் திறக்கிறேன்.

புகை இல்லை என்றால் பிரச்சினை இல்லை என்று நம்புவது

நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்பது சரி. வராவிட்டால் எரியவில்லை என்பது சரியல்ல. புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வரும் ஆயில் ஆவியை எரித்து மறைத்துவிடும். புகை பளிச்சென்று தெரிகிற நேரத்துக்கு நோய் நன்றாகவே முற்றியிருக்கும்.

இருந்தாலும் புகையைப் பார்க்கத்தான் வேண்டும், எப்போது பார்ப்பது என்று தெரிந்து பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் பாதித் தகவல் போய்விட்டது. போனவுடன் பானட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலப்புகை வந்து மறைந்தால், வால்வு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் வால்வு சீலைச் சந்தேகிக்கலாம். ஐந்து பத்து நிமிடம் ஐடிலில் நின்றபின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வந்தாலும் அப்படியே. ஏற்றத்தில் முழு மிதி மிதிக்கும்போது விடாமல் வந்தால் சந்தேகம் பிஸ்டன் ரிங் பக்கமோ டர்போ பக்கமோ போகும். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுக் கியரிலேயே இறங்கி, அடியில் வந்ததும் மிதித்துப் பாருங்கள். கால் எடுத்த நேரத்தில் எஞ்சினுக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உள்ளே உறிஞ்சும், மிதித்ததும் அது புகையாக வெளியே வரும். ஓட்டுகிறவருக்குக் கண்ணாடியில் இது சரியாகத் தெரியாது. கூட வந்தவர் பின்னால் இன்னொரு வண்டியில் வந்தால் நல்லது.

கம்ப்ரஷன் டெஸ்ட் நன்றாக வந்துவிட்டது என்று நிம்மதியடைவது

விவரம் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் இது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறும்போது உண்டாகும் அழுத்தம், ஒரே மாதிரி, கம்பெனி சொன்ன அளவுக்குள் இருக்கிறது. அப்படியானால் ரிங் நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்துவிடுவார்.

பிஸ்டனில் பொதுவாக மூன்று ரிங். மேலே இருக்கும் இரண்டும் அழுத்தத்தைத் தாங்குபவை. மூன்றாவதுதான் ஆயில் ரிங். சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலை வழித்து, தனக்குப் பின்னால் பிஸ்டனில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாகக் கீழே அனுப்புவது அதன் வேலை. அந்தத் துளைகளில் கருகிய ஆயில் அடைத்துக்கொண்டால் வழித்த ஆயில் போக வழியில்லை. ரிங்கும் பிசின் பிடித்ததுபோல் தன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சுவரில் தங்கிய ஆயில் மேலே ஏறி எரியும். மேல் இரண்டு ரிங்கும் சரியாக இருப்பதால் கம்ப்ரஷனும் நன்றாக இருக்கும், பவரும் குறையாது. ஆகவே கம்ப்ரஷன் டெஸ்ட்டில் பாஸ் ஆன எஞ்சினும் ஆயிலைத் தாராளமாகக் குடிக்கலாம். வால்வு சீல் வழியாக இறங்கும் ஆயிலும் அந்த டெஸ்ட்டில் தெரியாது.

என்னைக் கேட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நான்கையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள். நல்ல பிளக்கின் நுனி வெளிர் பழுப்பில் காய்ந்து இருக்கும். ஆயில் எரியும் சிலிண்டரின் பிளக்கில் ஈரமான கறுப்போ, நுனியைச் சுற்றிச் சாம்பல் பொருக்கோ தட்டுப்படும். ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து வித்தியாசமாக இருந்தால் எந்தச் சிலிண்டர் என்பதுகூடத் தெரிந்துவிடும். பிளக்கின் மேல்பக்கம், அதாவது அது உட்கார்ந்திருக்கும் கிணற்றில் ஆயில் நின்றால் அது வேறு கதை: மேல் மூடியின் கேஸ்கட் கசிவு. அதற்குச் செலவு குறைவு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பிளக் துளை வழியாகவே சின்னக் கேமராவை விட்டு பிஸ்டன் தலையைப் பார்க்கலாம். தலை முழுக்கக் கரி படிந்திருந்து, ஓரம் மட்டும் கழுவி விட்டதுபோல் பளபளவென்று இருந்தால் அந்த ஓரத்தில் ஆயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பிளக்கைக் கழற்ற ஓனர் சம்மதிக்கவில்லையென்றால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் பெயரை மட்டும் கேட்டுவிட்டு எஞ்சினின் குறியீட்டை (எஞ்சின் கோட்) கேட்காமல் விடுவது

ஒரே பெயர், ஒரே பேட்ஜ். உள்ளே வேறு வேறு எஞ்சின். 180 குதிரைத்திறன் 1.4இல் முதலில் வந்ததற்கு சிஏவிஇ என்று குறியீடு. ஆயில் புகார்கள் அதிகம் வந்தது அதன் மேல்தான். பின்னால் திருத்தப்பட்டு வந்தது சிடிஹெச்இ. மினி கூப்பர் எஸ்ஸிலும் என்14 போய் 2010இல் என்18 வந்தது. இந்தக் குறியீடு சர்வீஸ் புத்தகத்தின் ஸ்டிக்கரிலோ எஞ்சின் மேலேயோ இருக்கும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருத்திய எஞ்சின் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அர்த்தமில்லை. எதை எவ்வளவு கவனமாகப் பார்ப்பது என்பதற்கு அது ஒரு வழிகாட்டி.

"எஞ்சின் வேலை முடிச்சாச்சு" என்பதை அப்படியே ஏற்பது

என்ன வேலை? பில்லில் என்ன எழுதியிருக்கிறது? எஞ்சினைப் பிரித்துத் திருத்திய பிஸ்டனும் ரிங்கும் போட்டால் அது வேலை. பல இடங்களில் நடப்பது என்னவென்றால், எஞ்சினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப எரியறைப் பக்கம் அனுப்பும் பிசிவி வால்வை மாற்றிவிட்டு, 5டபிள்யூ-30 என்ற நீர்த்த ரகத்துக்குப் பதில் கெட்டியான ஆயிலை ஊற்றி, ஒரு டப்பா மருந்தும் சேர்த்து, புகை நின்றதும் விற்றுவிடுவது. கெட்டியான ஆயில் குடிப்பதைச் சில வாரம் குறைத்துக் காட்டும். அடைத்துக்கொண்ட துளை அப்படியே இருக்கும்.

பிசிவி வால்வே காரணமாக இருக்கவும் வாய்ப்புண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க முயன்றால் உள்ளிருந்து பலமாக இழுத்துப் பிடிக்கிறது, விசில் சத்தம் வருகிறது என்றால் அந்த வால்வின் சவ்வு கிழிந்திருக்கலாம். ஆனால் "இது வெறும் பிசிவிதான், சின்னச் செலவு" என்று விற்பவரே சொன்னால், அந்தச் சின்னச் செலவை அவரே செய்து 1000 கிலோமீட்டர் ஓட்டி அளந்து காட்டட்டும்.

ஆயில் செலவை மட்டும் கணக்குப் போடுவது

"மாசம் ஒரு கேன் ஊத்திட்டுப் போறேன், வண்டிதான் சல்லிசா கிடைக்குதே" என்று நினைப்பவர்கள் உண்டு. ஆயில் விலை இதில் மிகச் சின்னப் பகுதி. ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் எரிந்து போய்ப் படிந்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். எரியறைக்குள் வரும் ஆயில் துளிகள் பெட்ரோலின் ஆக்டேனைக் கெடுத்து, குறைந்த ஆர்பிஎம்மில் பலமாக மிதிக்கும்போது எரியறைக்குள் பெட்ரோலை நேரங்கெட்ட நேரத்தில் பற்ற வைக்கும். நேரடியாக எரியறைக்குள் பெட்ரோல் பீச்சும் டர்போ எஞ்சின்களில் அந்த ஒரு அடி பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஆயில் அளவு இறங்கினால் டர்போவின் பேரிங் வாடும். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. அது தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் கரகரக்கும். அந்தச் சத்தம் கேட்ட வண்டியை, ஆயில் கணக்கு என்னவாக இருந்தாலும், நான் வாங்க மாட்டேன்.

ரீமேப் செய்த, அதாவது பவருக்காக எஞ்சின் மென்பொருளை மாற்றிய வண்டியிலும் இதே எச்சரிக்கை. ஏற்கெனவே ரிங் பலவீனமாக உள்ள எஞ்சினில் பூஸ்ட்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தைக் கூட்டினால் சுமை நேராக அங்கேதான் போய் இறங்கும். விற்பதற்கு முன் பழைய மென்பொருளைத் திரும்பப் போட்டிருக்கலாம் என்பதால் ஏர் ஃபில்டர், டவுன்பைப், பூஸ்ட் குழாய்களைப் பாருங்கள். மாற்றிய பாகங்கள் கதை சொல்லும்.

வாங்கியபின் விளக்கு எரியட்டும் என்று காத்திருப்பது

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தத்துக்கானது, அளவுக்கானது அல்ல. அது எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். அளவைக் காட்டும் மஞ்சள் விளக்கு எல்லா வண்டியிலும் கிடையாது.

வாங்கிய அன்றே ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மேல் கோடு வரை சரியாக ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சமதரையில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டுப் பாருங்கள்; எப்போதும் அதே இடம், அதே முறை. 30,000 கிலோமீட்டர் வரை ஒரே ஆயிலில் ஓடலாம் என்று கையேடு சொன்னாலும் இந்த எஞ்சின்களுக்கு அதில் பாதிக்கும் முன்பே மாற்றிவிடுவேன். பழைய ஆயில் கருகிப் படிவதுதானே அந்தத் துளைகளை அடைக்கிறது? பிறகு ஒவ்வொரு 500 கிலோமீட்டருக்கும் டிப்ஸ்டிக்கை உருவி, மீட்டரையும் ஊற்றிய மில்லியையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி க்ளவ் பாக்ஸில் போட்டு வையுங்கள். 3000 கிலோமீட்டர் ஓடியதும் உங்கள் எஞ்சின் எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவிடும். எண் நிலையாக இருந்தால் ஊற்றி ஊற்றிப் பல வருடம் ஓட்டலாம். மாதத்துக்கு மாதம் ஏறினால் கன்வெர்ட்டர் போவதற்கு முன்பே எஞ்சினைப் பிரிக்கத் தேதி குறித்துவிடுங்கள்.