பல் நாற்காலியில் ஐந்து நிமிடம்: புகையிலைப் பழக்கத்தைக் கைவிட உதவுவது எப்படி?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பலர் தோட்டத்து ஆட்கள். புதிதாகச் சேரும் ஹைஜீனிஸ்டுகள் (பல் சுத்தம் செய்பவர்கள்), "பல் சுத்தம் பண்ணவே நேரம் பத்தலையே அக்கா, சிகரெட்டை விடச் சொல்ல எங்கே நேரம்?" என்று கேட்பார்கள். ஐந்து நிமிடம் போதும். இப்படிச் செய்து பாருங்கள்.

படி 1: கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

ஆரம்பத்தில் ஒரு பாட்டியிடம் "புகைப்பீங்களா?" என்று கேட்டேன். "சீ, அதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார். கார்டில் 'இல்லை' என்று எழுதிவிட்டு வாயைப் பார்த்தால், இடது கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து, அந்தப் பக்கமே அடக்கி வைப்பாராம். பாட்டி பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பாகக் கேட்டேன்.

அதனால் சிகரெட், வேப் (மின் சிகரெட்), வெற்றிலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். வெற்றிலை என்றால், "கூட புகையிலை வைப்பீங்களா? எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்றும் கேளுங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும். சிகரெட் என்றால் ஒரு கேள்வி முக்கியம்: "எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" அரை மணி நேரத்துக்குள் என்றால் பழக்கம் ஆழமாக ஊறிவிட்டது என்று அர்த்தம்.

படி 2: கண்ணாடியைக் கொடுங்கள்

பிரசங்கம் வேண்டாம். கைக்கண்ணாடியைக் கொடுத்து, கறையையும் ஈறு இறங்கியிருப்பதையும் அவரே பார்க்கட்டும். "எனக்கு ஈறில் ரத்தமே வராதே" என்பார். புகையிலையில் உள்ள நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் ஈறு நோய் இருந்தாலும் ரத்தக்கசிவு குறைவாகத் தெரியும். விட்ட பிறகு சில நாள் ரத்தம் கூடுதலாக வரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், "விட்டதால்தான் கெட்டுப் போச்சு" என்று மறுபடியும் பற்ற வைத்துவிடுவார்.

வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், வாய் முழுசாகத் திறக்க முடியாமை இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே பல் டாக்டரிடம் காட்டுங்கள்.

படி 3: தேதி குறியுங்கள்

"விடணும்னு நினைச்சிருக்கீங்களா அண்ணே?" என்று கேளுங்கள். இல்லை என்றால், "சரி, அடுத்த முறை பேசுவோம்" என்று விட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைக் கார்டில் எழுதுங்கள். எந்த நேரத்தில் கை தானாக சிகரெட்டைத் தேடுகிறது என்றும் கேளுங்கள். பலருக்குக் காலை டீ நேரம்தான். 2019 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கத் தடை இருப்பதால், கடைக்குள் உட்கார்ந்தே டீயைக் குடித்து முடிக்கச் சொல்லுங்கள். ஆசை எழுந்தால் சில நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும், தணிந்துவிடும். அதற்குள் தண்ணீர் குடிக்கலாம், கொஞ்சம் நடக்கலாம்.

படி 4: மருந்து

சிகரெட் ஆசையைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண பபிள்கம் மாதிரி மென்றால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். மெல்வதற்கு 15 நிமிடம் முன்பும் மெல்லும்போதும் காப்பி, பழச்சாறு கூடாது. குடித்தால் நிகோட்டின் வாயில் சரியாக உறிஞ்சப்படாது. பல்செட் போட்டவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிகோட்டின் பேட்ச் வசதி. அளவை முடிவு செய்ய அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் உள்ள புகைப்பதை நிறுத்தும் பிரிவுக்கு, அதாவது எம்குவிட் சேவைக்கு அனுப்புங்கள்.

படி 5: போன் செய்யுங்கள்

குறித்த தேதிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து. அப்போதுதான் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். மறுபடி தொடங்கிவிட்டார் என்றால் திட்ட வேண்டாம். எங்கே, யாரோடு இருந்தபோது பற்ற வைத்தார் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்த தேதியை அந்த போனிலேயே குறித்துவிடுங்கள்.