ஃபேஸ்புக் பட்டன் போய்விட்டால் பழைய கணக்கை மீட்பது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜாக்கெட் துணி விற்கும் அக்கா ஒருவர், போன வாரம் தம் போனை என்னிடம் நீட்டினார். தையல்காரர்கள் கூடிப் பேசும் ஒரு தளத்தில் ஆறு ஆண்டுகளாக அவர் எழுதிவைத்த அளவுக் குறிப்புகள் இருந்தன. ஆனால் உள்ளே நுழைய அவர் வழக்கமாக அழுத்தும் நீல நிற ஃபேஸ்புக் பட்டனைக் காணோம். மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கேட்கும் இரண்டு கட்டங்கள் மட்டுமே இருந்தன. "எனக்கு பாஸ்வேர்டே கிடையாதே, தம்பி" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அந்தப் பட்டனை அழுத்தும்போது, "இவர் இன்னார்" என்ற சான்றையும் பெயர், மின்னஞ்சல் போன்ற சில விவரங்களையும் மட்டுமே ஃபேஸ்புக் அந்தத் தளத்துக்கு அனுப்புகிறது. நம் பாஸ்வேர்டு தளத்துக்குப் போவதே இல்லை. 2012-இல் வெளியான ஓஆத் 2.0 என்ற நெறிமுறையின் நோக்கமே அதுதான். ஆகவே, ஃபேஸ்புக் பாஸ்வேர்டை அந்தக் கட்டத்தில் தட்டிப் பார்க்காதீர்கள். அதனால் கணக்கு திறக்காது, ரகசியம்தான் வெளியே போகும்.

முதலில், அவசரப்பட்டுப் புதிய கணக்கு தொடங்காதீர்கள். பழைய பதிவுகள் பழைய கணக்கோடுதான் இருக்கும். இரண்டையும் பின்னர் இணைப்பது நிர்வாகிகளுக்கே பெரும்பாடு.

அடுத்து, தளத்திடம் இருக்கும் உங்கள் மின்னஞ்சல் முகவரி எது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது நீங்கள் முதன்முதலில் பட்டனை அழுத்திய நாளில் ஃபேஸ்புக்கில் இருந்த முகவரியாகவே இருக்கும். இன்பாக்ஸில் தளத்தின் பெயரைத் தேடினால், பழைய அறிவிப்பு ஒன்றாவது சிக்கக்கூடும். அக்காவின் விஷயத்தில் நாங்கள் அரை மணி நேரம் தவித்தது இந்த இடத்தில்தான். கடைசியில், அந்த முகவரி எண்ணூரில் வேலை பார்க்கும் அவருடைய மகனுடையது என்று தெரிந்தது. முதல் போனை வாங்கிக் கொடுத்தபோது அவரே எல்லாவற்றையும் அமைத்துத் தந்திருக்கிறார்.

முகவரி தெரிந்ததும் "பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?" என்பதை அழுத்துங்கள். அஞ்சல் வராவிட்டால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அதில் வரும் இணைப்பு சிறிது நேரமே செல்லும் என்பதால், முகவரிக்கு உரியவரைப் போனில் பிடித்துக்கொண்ட பிறகே அதைக் கேட்பது நல்லது. பலமுறை கேட்டிருந்தால், கடைசியாக வந்ததைத் திறங்கள்.

செல்போன் எண்ணை மட்டும் கொடுத்து ஃபேஸ்புக்கில் சேர்ந்தவர்களுக்கு இந்த வழி பயன்படாமல் போகலாம், ஏனெனில் தளத்திடம் மின்னஞ்சலே இருக்காது. அவர்கள் பயனர் பெயரையும், தாம் மட்டுமே அறிந்த ஓரிரு பழைய விவரங்களையும் சொல்லி நிர்வாகிக்கு எழுத வேண்டும். ஓடிபி கேட்டால் யாருக்கும் தராதீர்கள்.

உள்ளே நுழைந்தவுடன், நீங்களே திறந்து பார்க்கும் மின்னஞ்சலுக்கு முகவரியை மாற்றிவிடுங்கள். அதையும் அடிக்கடி திறக்க வேண்டும்; இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் வேலையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதுவது தவறு என்பார்கள். வீட்டுக்குள் பத்திரமாக இருக்கும் தாள், எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட மேல் என்பது என் கருத்து. அக்கா தம் அளவு நோட்டில் எழுதப் போனார். அது கடையில் பலர் கை படும் நோட்டு என்பதால், வேறு தாளில் எழுதி வீட்டு பீரோவில் வைக்கச் சொன்னேன்.